குழாய் வைத்த மண்பானை: ஒரு ஏசி மெக்கானிக்கின் கோடைக் கணக்கு

பங்குனிக் கடைசியில் அக்கா வீட்டு விசேஷத்துக்கு மானாமதுரை போனபோது வாங்கிய பானை இது. 12 லிட்டர் பிடிக்கும். குழாய், மூடி, உட்கார வைக்கப் பிரிமணை எல்லாம் சேர்த்து 380 ரூபாய். இரண்டு வாங்கினேன். ஒன்று அக்கா வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. இன்னொன்று திருவொற்றியூரில் எங்கள் வீட்டில். இரண்டையும் ஒரு கோடை முழுக்கப் பயன்படுத்தி, அளந்தும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான் ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ் பார்க்கிறவன். இந்தத் தொழிலில் 22 வருஷம் ஆகிறது. ஒரு பொருள் குளிர வைக்கிறதா என்று யாராவது கேட்டால் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரத்தில், வெளியே என்ன டெம்பரேச்சர் என்றுதான் என் புத்தி போகும். "ஜில்லுனு இருக்கு, ருசியா இருக்கு, அஞ்சு ஸ்டார்" என்று பானையைப் பற்றி எழுதியிருப்பவர்கள் யாரும் எந்த ஊரில் இருந்து எழுதுகிறார்கள் என்று சொல்வதில்லை. பானை விஷயத்தில் ஊர்தான் முக்கியம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதற்கு முந்தின வருஷம் ஆன்லைனில் ஒரு பானை வாங்கி ஏமாந்தேன். பார்க்க அழகு. வெளிப்பக்கம் பூவும் கொடியும் வரைந்து, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தார்கள். 1,100 ரூபாய். இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி வைத்தும் பானையின் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை. உள்ளே இருந்த தண்ணீரும் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரும் ஒரே சூடு. மண்பானை வேலை செய்வதே அதன் உடம்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளால். உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே வெளிப்பக்கம் வரை கசிந்து, அங்கே காற்று பட்டு ஆவியாக வேண்டும். வார்னிஷ் அடித்தால் துளை அத்தனையும் அடைபட்டுப் போகும். அப்புறம் அது மண்ணால் செய்த பிளாஸ்டிக் குடம்தான். குடிநீருக்குப் பானை வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்: பெயின்ட் கூடாது, பாலிஷ் கூடாது, விரலால் தடவினால் சொரசொரப்பு இருக்க வேண்டும்.

மானாமதுரையில் அந்தக் கவலை இல்லை. வைகைக்கரைக் களிமண்ணில் வனைந்த பானைக்கு அந்த ஊர் பேர் போனது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கச்சேரியில் வாசிக்கும் கடமும் அங்கே செய்வதுதான். நாங்கள் வாங்கிய கடையில் ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருந்தார். நான் ஒரு பானையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "பாத்தா என்ன தெரியும் தம்பி, தட்டுங்க" என்றார். மடக்கிய விரலால் தட்டினேன். டங்கென்று வெண்கலம் மாதிரி சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்த இன்னொன்றை அவரே எடுத்துத் தட்டிக் காட்டினார். அது 'டொப்' என்றது. கழுத்துக்குக் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். விரிசல் இருந்தால் அதிர்வு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே செத்துப் போகும். அதனால் மணிச்சத்தம் வராது. ரயில்வேயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்களே, அதே சோதனைதான்.

என் மகள் 7-ஆம் வகுப்பு படிக்கிறாள். கடையில் நின்றுகொண்டே முதல் கேள்வியைக் கேட்டாள். "மண்ணு தண்ணியில கரையும். பானையும் மண்ணுதானே, ஏன் கரைய மாட்டேங்குது?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "வெந்த மண்ணும் வேகாத மண்ணும் ஒண்ணாத்தா?" என்றார். அது சரியான பதில். பச்சைக் களிமண்ணின் துகள்களுக்கு உள்ளேயே தண்ணீர் அதன் அமைப்போடு கட்டுண்டு கிடக்கிறது. வெயிலில் எத்தனை நாள் காய்ந்தாலும் அது போகாது. சூளையில் சூடு 500, 600 டிகிரி என்று ஏறும்போதுதான் அந்தக் கட்டு அவிழ்ந்து வெளியேறுகிறது. அப்படி ஒருமுறை வெளியேறிவிட்டால் களிமண் வேறொரு பொருளாகிவிடும். தண்ணீரில் ஊறினாலும் பழையபடி குழையாது. வெயிலில் காய்ந்த பானை மழையில் கரைவதும், சுட்ட பானை 2,000 வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் பானையாகவே வெளியே வருவதும் இதனால்தான். ஊர் திரும்புகிற வழியில் கீழடி அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். அங்கே இருக்கும் கறுப்பு–சிவப்புப் பானைகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கலர் மண்ணா?" என்றாள். மண் ஒன்றுதான். அதில் இருக்கும் இரும்பு, சூளையில் நல்ல காற்றோட்டம் கிடைத்தால் துரு நிறத்தில் சிவக்கும். காற்று போகாமல் புகையும் கரியும் சூழ்ந்த பக்கம் கறுக்கும். வாயைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்புறமும் விளிம்பும் கறுப்பாக, வெளிப்புறம் சிவப்பாக வரும். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றாள்.

புதுப்பானையில் முதல் நாள் தண்ணீர் ஊற்றியதும் பானையே உறிஞ்சிக்கொள்ளும். நிறைய ஊற்றி ஒரு ராத்திரி வைத்து, காலையில் கொட்டிவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். அப்போது வரும் மண்வாசனை இரண்டு மூன்று நாள் தண்ணீரிலும் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது. காய்ந்த மண்ணில் ஈரம் பட்டால் வரும் அந்த வாசனைக்கு 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பெட்ரிகோர் என்று பேர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அதற்கும் முன்பிருந்தே சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து அத்தர் ஆக்கி விற்கிறார்கள்.

இனி அளந்த கதை.

அக்கா வீட்டுத் திண்ணையில் காலை 7 மணிக்குப் பானையை நிரப்பினோம். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் குடத்திலும் அதே தண்ணீர். இரண்டும் 30 டிகிரி. ஏசி க்ரில்லில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் எப்போதும் என் பையில் இருக்கும். கேஸ் சார்ஜ் பண்ணும்போது சிலிண்டரை வைக்கிற தராசையும் அந்தமுறை காரில் எடுத்துப் போயிருந்தேன். அதன் மேல் பானையை வைத்து எடை குறித்துக்கொண்டேன். பகல் 2 மணிக்கு வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30%. குடத்துத் தண்ணீர் 34 ஆகியிருந்தது. பானைத் தண்ணீர் 27. ஒரே நிழல், ஒரே தண்ணீர், நடுவில் ஏழு டிகிரி வித்தியாசம். கரன்ட் இல்லை, கம்ப்ரசர் இல்லை.

மகள் இரண்டிலும் கையை விட்டு விட்டு எடுத்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "தண்ணியில இருந்த சூடு எங்கப்பா போச்சு?"

கஸ்டமர்கள் என்னிடம் கேட்பதும் இதே கேள்விதான், வேறு மாதிரி. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டால் கிச்சன் குளிருமா என்று கேட்பார்கள். குளிராது, இன்னும் சூடாகும். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. கம்ப்ரசர் ஓடுகிற சூடும் அதோடு சேர்ந்து அதே கிச்சனில்தான் இறங்குகிறது. சூட்டை யாராலும் அழிக்க முடியாது. ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் போடலாம், அவ்வளவுதான். பானை அதை எங்கே போடுகிறது?

"உங்க கிளாஸ்ல ரொம்பத் துறுதுறுன்னு இருக்கிற பத்துப் பேரைக் கபடி மேட்சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு வெச்சுக்க தாயி. மிச்ச கிளாஸ் எப்படி இருக்கும்?"

"அமைதியா இருக்கும்."

"அதான். தண்ணிக்குள்ள இருக்கிற துகள் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. வேகமா ஓடுறது மேல்பக்கத்துலேருந்து எகிறித் தப்பிச்சுப் போயிடுது. அதுதான் ஆவி. மெதுவா ஓடுறது உள்ள தங்குது. துகள் மெதுவாச்சுன்னா அதுக்குப் பேரு குளிர்ச்சி."

போன துகள்கள் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகின்றன. அது கொஞ்சநஞ்சம் இல்லை. 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி இறக்க 1 கலோரி சூட்டை எடுத்தால் போதும். அதே 1 கிராம் தண்ணீர் 30 டிகிரியில் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரியைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி இறங்க வேண்டும். ஒரு ஸ்பூன் தண்ணீரைத் திண்ணைத் தரையில் ஊற்றி, இது காணாமல் போனால் அவ்வளவு நடக்கும் என்று காட்டினேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்துபோனது. ஃப்ரிட்ஜுக்குள் ஓடும் கேஸும் இப்படித்தான் திரவமாக இருந்து ஆவியாகிக் குளிர வைக்கிறது. அதைக் கம்ப்ரசர் திரும்ப அழுத்தி, சூட்டைப் பின்பக்கக் காயிலில் விட்டு, மறுபடி திரவமாக்கிச் சுற்ற விடுகிறது. கரன்ட் செலவு முழுக்க இந்தத் திரும்ப எடுக்கிற வேலைக்குத்தான். பானை விட்ட ஆவியை விட்டதுதான், திரும்பக் கேட்பதில்லை. அதனால் அதற்குக் கரன்ட் வேண்டாம். தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சாயங்காலம் 7 மணிக்கு எடை பார்த்தால் 600 கிராம் குறைந்திருந்தது. மகள் நோட்டில் கணக்குப் போட்டாள். 600 கிராமுக்கு 580 வீதம் 3,48,000 கலோரி. 12 லிட்டருக்கு வகுத்தால் 29 டிகிரி. "அப்போ 30-லேருந்து 1 டிகிரிக்கு வந்திருக்கணுமே. ஏன் ஐஸ் ஆகலை?" என்றாள். கணக்கு சரி. கேள்வியும் சரி. எனக்குப் பெருமையாக இருந்தது.

பானை ஒருபக்கம் சூட்டை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இன்னொருபக்கம் வெளிக்காற்றின் சூடு பானைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. பானை காற்றைவிடக் குளிரக் குளிர, உள்ளே வரும் சூடும் அதிகமாகும். ஒரு கட்டத்தில் போவதும் வருவதும் சமமாகிவிடும். அங்கேயே நின்றுவிடும். அந்தக் கட்டம் எது என்பதை முன்கூட்டியே அளக்கலாம். எங்கள் தொழிலில் அதற்கு வெட் பல்ப் என்று பேர். தெர்மாமீட்டர் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, ஃபேன் காற்றில் காட்டினால் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அக்கா வீட்டில் அன்றைக்குப் பகல் அது 24.5 டிகிரியில் நின்றது. எப்பேர்ப்பட்ட மண்பானையும் அதற்குக் கீழே போகாது. 27 வரை வந்தது நல்ல பானை என்பதற்கு அத்தாட்சி.

இந்த வெட் பல்ப் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். காற்று வறண்டிருந்தால் பானை மேல் இருக்கும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால், போகிற துகள்கள் அளவுக்குக் காற்றிலிருந்து துகள்கள் திரும்பவும் வந்து ஒட்டும். அதே பானையைச் சென்னைக்குக் கொண்டுவந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். கிச்சன் மேடையில் பானையை வைத்தோம். காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 72%. மானாமதுரையைவிட 5 டிகிரி குறைவான வெயில். ஆனால் பானைத் தண்ணீர் 30-க்குக் கீழே இறங்கவே இல்லை. 12 மணி நேரத்தில் எடை 200 கிராம்தான் குறைந்தது. ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் வெட் பல்ப் 28.5-க்கும் மேலே நின்றது. பானைமேல் குற்றமில்லை, இறங்குவதற்கு இடமே இல்லை. 38 டிகிரி மதுரை வெயிலைத் தாங்குகிறவர்கள் 34 டிகிரி சென்னையில் நசநசவென்று தவிப்பதும் இதே காரணத்தால்தான். நம் உடம்பும் மண்பானைதான். வியர்வை காய்ந்தால்தான் குளிரும்.

மனைவி அப்போது ஒரு சந்தேகம் கேட்டாள். "பானைக்கு மேல ஈரமா இருக்கே, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த பாட்டில் மேலயும் இப்படித்தானே ஈரமாகுது. ரெண்டும் ஒண்ணா?" நிறையப் பேர் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். வாயால் விளக்குவதைவிடத் தராசில் வைத்துக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஃப்ரிட்ஜில் இருந்து 1 லிட்டர் ஸ்டீல் பாட்டிலை எடுத்து, நன்றாகத் துடைத்து, கிச்சன் தராசில் வைத்தோம். முதலில் பாட்டில் மங்கியது. அப்புறம் பொடிப்பொடியாக முத்து கோத்தது. அப்புறம் இரண்டு முத்து சேர்ந்து ஒன்றாகிக் கனம் தாங்காமல் கோடாக வழிந்து தராசுத் தட்டில் இறங்கியது. தராசின் எண் ஒன்று கூடியது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. 20 நிமிஷத்தில் 4 கிராம் கூடிவிட்டது. மூடி இறுக மூடியிருக்கிறது, உள்ளிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அந்த 4 கிராமும் எங்கள் கிச்சன் காற்றில் இருந்த தண்ணீர். பாட்டில் ஏறிக்கொண்டே போகிறது, பானை இறங்கிக்கொண்டே போகிறது. ஒன்று காற்றிலிருந்து தண்ணீரை வாங்குகிறது, இன்னொன்று காற்றுக்குக் கொடுக்கிறது. அதற்கப்புறம் என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அதே சோதனையை அவளே செய்து காட்டினாள்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் பாட்டில் ரகம்தான். "கேஸ் லீக்காகித் தண்ணியா வருதா?" என்று பதறிப்போய் போன் பண்ணுவார்கள். அது உங்கள் ரூம் காற்றில் இருந்த ஈரம். கூலிங் காயிலில் பட்டு நீராகி டிரெய்ன் பைப்பில் வருகிறது. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இன்ஜினியர் முதல் ஏசியை வடிவமைத்ததே நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக. ஈரப்பதம் ஏறி இறங்கியதில் அங்கே காகிதம் சுருங்கி விரிந்து, கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. காற்றை உலர்த்துவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஆட்கள் சுகமாக உட்காருவது பின்னால் வந்தது.

மகளுக்கு இன்னொரு யோசனை. நூறு பானை வாங்கி ரூமில் வைத்தால் ஏசியே வேண்டாமே என்றாள். இதையும் கணக்குப் போட்டோம். மானாமதுரையில் மணிக்கு 50 கிராம் வீதம் ஆவியானது. அது 34 வாட் குளிர வைப்பதற்குச் சமம். 1 டன் ஏசி என்பது ஏறக்குறைய 3,500 வாட். ஆக, அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும், 100 பானை என்பது 1 டன்னுக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டது! ஆனால் 100 பானையும் சேர்ந்து மணிக்கு 5 லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலக்கும். கதவைச் சாத்திய ரூமில் கொஞ்ச நேரத்தில் காற்று ஈரத்தில் நிறைந்துவிடும். அப்புறம் 100 பானையும் சும்மா நிற்கும். பானைக்குத் திறந்த ஜன்னல் வேண்டும், ஏசிக்குச் சாத்திய ஜன்னல் வேண்டும்.

அந்த 'டன்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காத கஸ்டமர் இல்லை. அது ஏசியின் எடை இல்லை. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவை இழுக்கும் மெஷின் 1 டன். மெஷின் வருவதற்கு முன்னால் ஐஸ் கட்டியை வைத்தே குளிர வைத்த காலத்தின் கணக்கு இது. அந்தக் காலத்துக் கட்டடம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. மெரினாவில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருப்பது 1842-இல் ஐஸ் கிடங்காகக் கட்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குளங்கள் உறையும்போது ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலில் ஏற்றி இங்கே இறக்கினார் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. திருவல்லிக்கேணி பக்கம் வேலைக்குப் போகும்போது 'ஐஸ் ஹவுஸ்' என்று கண்டக்டர் கூவுவது காதில் விழுந்தால் எனக்கு இந்த டன் ஞாபகம் வரும்.

குறைகளுக்கு வருகிறேன்.

குழாய்தான் முதல் குறை. பானையோடு கொடுக்கும் பிளாஸ்டிக் குழாய் இரண்டாவது வாரமே கசிந்தது. உள்பக்கம் இருக்கும் வாஷர் மெலிசு. சொரசொரப்பான மண்ணில் அது சரியாக உட்காரவில்லை. என் பையிலிருந்த தடிமனான ரப்பர் வாஷரை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று போட்டு, மரையில் டெஃப்ளான் டேப் சுற்றி மாட்டினேன். கையால் இறுக்கிவிட்டு அதற்கு மேல் கால் சுற்றுதான், ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பானை வாய்விட்டுவிடும். கனமான பித்தளைக் குழாய் மாட்டாதீர்கள், அந்த எடைக்கும் திருகுக்கும் மண் தாங்காது. குழாய் அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே இருப்பதால் கடைசி ஒரு லிட்டர் எப்போதும் தங்கும். அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை சாய்த்துக் கொட்ட வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் குழாய் இல்லாத பானை வாங்கி, பிடி நீளமான அகப்பையில் மொண்டு குடியுங்கள். அக்கா அப்படித்தான் பழக்கப்பட்டவள். "குழாயத் திருகிக் குடிச்சா அது பானைத் தண்ணியாடா தம்பி?" என்றாள்.

இரண்டாவது, வெள்ளைப் பூப்பு. நாங்கள் முதல் மாதம் போர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினோம். மூன்று வாரத்தில் பானையின் இடுப்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்தது. தண்ணீர்தான் ஆவியாகும், அதில் கரைந்திருக்கும் உப்பு ஆவியாகாது. அது துளையின் வாயிலேயே தங்கித் துளையை அடைத்துவிடும். குளிர்ச்சி குறைந்ததைத் தெர்மாமீட்டரிலேயே பார்த்தேன், ஒரு டிகிரி போய்விட்டது. தேங்காய் நாரால் தேய்த்து, எலுமிச்சம்பழச் சாறு தடவிக் கழுவி, ஒருநாள் வெயிலில் காயவைத்ததும் திரும்ப வந்தது. சோப்பு போடாதீர்கள். தண்ணீர் போகிற துளை வழியே சோப்பும் போகும், அப்புறம் நாலு நாளைக்கு எல்லாம் சோப்பு வாசனை. இப்போது கேன் தண்ணீர் ஊற்றுகிறோம், பூப்பு ரொம்பக் குறைவு.

மூன்றாவது குறை பானையுடையது இல்லை, விற்கிறவர்கள் சொல்வது. பானையில் வைத்தாலே தண்ணீர் சுத்தமாகிவிடும், கிருமி செத்துவிடும் என்கிறார்கள். ஆகாது. அழுக்குத் தண்ணீரை ஊற்றினால் குளிர்ந்த அழுக்குத் தண்ணீர் கிடைக்கும். எங்கள் அப்பத்தா கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டையை எடுத்துப் பானையின் உள்பக்கம் இழைத்துவிட்டு ஊற்றுவார். அந்தக் கொட்டையில் இருக்கும் பொருள் தண்ணீரில் மிதக்கும் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் இறக்கிவிடும். அது கலங்கலுக்கு மருந்து, கிருமிக்கு இல்லை. காய்ச்சித்தான் ஊற்ற வேண்டும். மூடியும் கட்டாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பானையின் சுவரில் ஈரமான இடமாகப் பார்த்து ஒட்டிவிட்டுப் போகும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவினால் அதற்கு வழியில்லை.

இவ்வளவுக்கும் பிறகு என் மதிப்பு: மதுரை, சிவகங்கை, கரூர், திருச்சி மாதிரி கோடையில் காற்று வறண்டிருக்கும் ஊர்க்காரர்கள் யோசிக்காமல் வாங்கலாம். கொடுத்த 380 ரூபாய்க்கு மேலேயே வேலை செய்யும். பல் கூசுகிற என் அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஆகாது, 27 டிகிரி தண்ணீர் அவருக்குத் தொண்டைக்கும் பல்லுக்கும் இதமாக இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் வாங்கினால் கிச்சன் மூலையில் வைக்காதீர்கள். அங்கே காற்று ஓடாது, அடுப்புச் சூடும் குக்கர் ஆவியும் வேறு. வெயில் படாத, காற்று அடிக்கிற இடத்தில் வையுங்கள்.

நாங்கள் சித்திரை பிறந்ததும் பால்கனிக்கு மாற்றினோம். மகள் லீவில் இருந்ததால் மணிக்கொருமுறை நோட்டில் எழுதினாள். அதில் ஒன்று தெரிந்தது. அக்னி நட்சத்திர நாட்களில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வறட்டுக் காற்றாக அடிக்கிறது. ஒருநாள் 11 மணிக்குப் பால்கனியில் 36 டிகிரி, ஈரப்பதம் 40%, பானைத் தண்ணீர் 28. நல்ல இறக்கம். ஒரு மணி வாக்கில் கடல்காற்று திரும்பியது. கொடியில் கிடந்த துணிகள் எதிர்ப்பக்கம் புரண்டன. வெயில் இரண்டரை டிகிரி குறைந்து எல்லோரும் "அப்பாடா" என்றோம். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஈரப்பதம் 70%-க்கு ஏறியது, பானைத் தண்ணீர் 30-க்கு வந்துவிட்டது. நமக்கு இதம் வந்த நேரத்தில் பானைக்கு வேலை போனது.

அன்றிலிருந்து அவள் நோட்டைக்கூட எடுப்பதில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். பிறகு உள்ளே திரும்பி, "அப்பா, கடல்காத்து வந்துடுச்சு" என்கிறாள்.